அப்பவே வாங்கிப் போட்டிருக்கோணும்

துடியலூரில் தெருவுக்கு ஒரு அண்ணன் இருக்கிறார். வெளியூர்க்காரர், அதிலும் வெளிநாட்டுக்காரர் யாராவது வந்து இறங்கிவிட்டால், ஊரைச் சுற்றிக்காட்டும் பொறுப்பு யாரும் கொடுக்காமலே அவருக்கு வந்துவிடும். "ஏனுங், லாட்ஜுல படுத்துக் கெடந்தா ஊரு எப்படித் தெரியும்? ஏறுங்க வண்டில."

மேட்டுப்பாளையம் ரோட்டைத் தொட்டதும் கார்க் கண்ணாடி இறங்கும், வலது கை வெளியே நீளும். அந்தக் கை காட்டும் எதுவும் இப்போது அங்கே இருக்காது. அடுக்குமாடி வீட்டைக் காட்டி, "இது சோளக்காடுங்" என்பார். ஜவுளிக்கடையைக் காட்டி, "இந்தக் கெணத்துலதானுங் நான் நீச்சல் பழகுனது" என்பார். வந்தவர் கழுத்தை வளைத்துக் கிணற்றைத் தேடுவார். கண்ணாடிக்குப் பின்னால் பட்டுப்புடவை கட்டிய பொம்மை நிற்கும்.

அடுத்தது விலை. "எண்பத்தொம்பதுல சென்ட்டு ஆயிரத்துக்குச் சொன்னாங்க. எங்கய்யன் வேண்டாம்னுட்டாருங்." அப்புறம் ஒரு பெருமூச்சு. "அப்பவே வாங்கிப் போட்டிருக்கோணும்." கவுண்டம்பாளையம் போய்ச் சேருவதற்குள் இப்படி ஏழெட்டுப் பெருமூச்சு ஆகிவிடும். 2011-ல் துடியலூர் கோவை மாநகராட்சியோடு சேர்ந்தது. தன் கல்யாணத் தேதியில் தடுமாறும் அண்ணன் இந்த வருஷத்தில் மட்டும் தடுமாறியதே இல்லை. அந்த வருஷத்துக்கு முன்னால் தப்பவிட்ட காடுகள் ஒரு கணக்கு, பின்னால் தப்பவிட்ட காடுகள் வேறு கணக்கு.

எனக்குத் தெரிந்த அண்ணன் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். 2022 கடைசியில் ஒரு மில்லுக்கு மெஷின் மாட்ட வந்த இத்தாலிக்காரர் ஒருவர் இவரிடம் மாட்டினார். மிலான் பக்கத்து ஆள். நான் பின் சீட்டில் உட்கார்ந்து இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு வந்தேன். பெருமூச்சை மட்டும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

வழியில் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "சிறுவாணிங். உலகத்துலயே ருசியில ரெண்டாவது" என்றார் அண்ணன். "முதலாவது எது?" என்று கேட்டார் இத்தாலிக்காரர். கோயமுத்தூர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் இந்த வாக்கியத்துக்கு இப்படி ஒரு கேள்வி உண்டென்பது அண்ணனுக்கு அன்றுதான் தெரிந்தது. உடனே கியரை மாற்றினார்.

டவுன்ஹால் வந்தது. 1892-ல் கட்டிய கட்டடம், இன்னும் நிற்கிறது. விருந்தாளி கேமராவை எடுத்தார். வண்டி நிற்கவில்லை. இருக்கிற கட்டடத்தில் அண்ணனுக்கு என்ன சுவாரசியம்? அது ஒருநாளும் விலைக்கு வந்ததில்லையே.

திரும்பி வந்து விருந்தீஸ்வரர் கோயிலுக்குள் மட்டும் கூட்டிப்போனார். பசியோடு வந்த சுந்தரருக்குச் சிவனே விருந்து போட்டதாகத் தலபுராணம். "சாமியே சோறு போட்ட ஊருங். நாம போடலீன்னா நல்லாருக்குமா?" என்று நேரே வீட்டுக்கு ஓட்டினார்.

வீட்டில் அரிசிம்பருப்பு. ஆவி பறக்கும் மஞ்சள் சோற்றில் அக்கா கரண்டியால் குழி பறித்து நெய் விட்டார்கள். இரண்டாவது சுற்றில் இத்தாலிக்காரர் இலைமேல் உள்ளங்கையை விரித்துப் போதும் என்றார். "கொஞ்சமுங்" என்றபடி அக்கா அவர் விரல்களைச் சுற்றிச் சோற்றை வைத்தார்கள். கையை எடுத்தபோது இலையில் ஐந்து விரலுக்கும் அச்சு இருந்தது. அதிலும் நெய் விட்டார்கள்.

அடுத்த ஜூனில் மிலானில் ஐடிஎம்ஏ ஜவுளி இயந்திரக் கண்காட்சி. மில்காரர்களோடு அண்ணனும் கிளம்பிவிட்டார். விமான நிலையத்தில் வரவேற்றது அதே இத்தாலிக்காரர். இனி வருவதெல்லாம் அண்ணன் சொல்லிக் கேட்டது.

முதலில் பெரிய தேவாலயத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார். 1386-ல் கட்ட ஆரம்பித்து, கடைசிக் கதவை 1965-ல் மாட்டினார்களாம். அண்ணன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "கான்ட்ராக்டர மாத்தியிருக்கோணுமுங்" என்றிருக்கிறார். மத்தியானம் மிலான் ஊரின் பேர்போன ரிசோட்டோ. குங்குமப்பூ போட்ட மஞ்சள் சோறு. "நம்ம அரிசிம்பருப்புதானுங். பருப்புப் போட மறந்துட்டாங்க."

சாயங்காலம் கண்காட்சிக்குத் திரும்பும் வழியில் இத்தாலிக்காரர் கார்க் கண்ணாடியை இறக்கினாராம். இடது கை வெளியே நீண்டது. அங்கே ஓட்டுநர் இருக்கை இடதுபுறம். வரிசையாக நின்ற அடுக்குமாடி வீடுகளைக் காட்டி, அங்கே தன் தாத்தாவுக்கு மக்காச்சோளக் காடு இருந்தது, வந்த விலைக்கு விற்றுவிட்டார் என்றார். அப்புறம் ஒரு பெருமூச்சு.

அண்ணனுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஏழு கடல் தாண்டி ஒரு பங்காளி. அவர் தோளைத் தட்டி, தனக்குத் தெரிந்த இங்கிலீஷைத் திரட்டிக் கேட்டார்: "சென்ட் எவ்வளவு?"

இத்தாலிக்காரர் சில்லறையைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டார். "நூறு சென்ட், ஒரு யூரோ."

இப்போது துடியலூருக்கு யார் வந்தாலும் அண்ணனின் கை மேட்டுப்பாளையம் ரோட்டோடு நிற்பதில்லை. "மிலான்ல ஏக்கரா ஒரு யூரோங். நானே காதால கேட்டேன். அன்னைக்குப் பார்த்துச் சில்லறை எல்லாம் ரூம்புல வெச்சுட்டுப் போயிட்டனுங்..."