பரமதத்தனுக்குப் பின் கப்பலேறியவன்

காரைக்கால்காரன் தன் வீட்டில் "கப்பலில் போகப்போகிறேன்" என்று சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. காரைக்கால் அம்மையாரின் மாங்கனி அதிசயத்தைக் கண்டு மிரண்ட அவர் கணவன் பரமதத்தன், வாணிபம் என்று சொல்லித்தான் மரக்கலம் ஏறினான். திரும்பிக் கரையிறங்கியதோ பாண்டிய நாட்டில். அங்கேயே இன்னொருத்தியைக் கட்டிக் குடித்தனமும் வைத்தான். ஆனி மாதத்தில் மொட்டைமாடியிலிருந்து மாம்பழம் வீசுகிற ஊரில் இந்தக் கதை தெரியாத மனைவி ஏது? யாழ்ப்பாணம் என்று வாயெடுத்ததும் என் மனைவி, "ரெண்டு டிக்கெட்டா எடுங்க" என்றாள். இந்தத் தொப்பையையும் ஒருத்தி கட்டிக்கொள்வாள் என்று அவள் நம்பியதில் எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

எங்கள் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி போன்ற சரக்குக்குத்தான் இடம். (காரைக்காலே சரக்குக்குத்தானே என்பவர்கள் சிரித்துவிட்டு வரட்டும்.) ஆள் ஏற நாகப்பட்டினம் போகவேண்டும், 2023 அக்டோபரில் தொடங்கிய காங்கேசன்துறைக் கப்பல் அங்கிருந்துதான். கடாரம் வென்ற பரம்பரை என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் அளந்துகொண்டிருந்தேன். கரை மறைந்ததும் வயிறு பரம்பரையைக் கைவிட்டது. மிச்சக் கடலை, பைக்குள் முகம் புதைத்தே கடந்தேன். 1739இல் எங்கள் ஊருக்கு வந்த பிரெஞ்சுக்காரன் மாதக்கணக்கில் இப்படி ஆடி வந்தும், இறங்கியபின் ஆட்சி நடத்த அவனுக்குத் தெம்பு எங்கிருந்து வந்ததோ! என் மனைவி புளியோதரையைப் பிரித்து, யாழ்ப்பாணத்து அம்மா ஒருவருக்கும் கொடுத்து, இறங்குவதற்குள் அவர் வீட்டுக் கல்யாணக் கதை முழுவதையும் கேட்டு முடித்திருந்தாள்.

கப்பலில் இழந்த மானத்தை யாழ்ப்பாணக் கோட்டையில் வரலாற்றால் மீட்கப் பார்த்தேன். போர்த்துக்கீசியர் கட்டியது, 1658இல் டச்சுக்காரர் பிடித்து ஐங்கோணமாக விரித்தார்கள், அதே ஆண்டில் நம் நாகப்பட்டினத்தையும் பிடித்தார்கள் என்றேன்.

"ஒரே வருஷத்துல ரெண்டு ஊரா? நீங்க ஒரு பாஸ்போர்ட் எடுக்குறதுக்கே…" என்று பாதியில் நிறுத்திக்கொண்டாள். மரியாதை தெரிந்தவள்.

1981இல் எரிக்கப்பட்டு மறுபடி எழுந்த பொது நூலகத்தில் மட்டும் என் வாய் தானாக மூடிக்கொண்டது. நல்லூரில் கந்தனைக் கும்பிட்டுவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டபோது மறுபடி திறந்துகொண்டது.

திரும்பும் கப்பலுக்கு முன் கீரிமலை. கடலை ஒட்டியே நன்னீர்க் கேணி. நம் பக்கத்துச் சோழ இளவரசி மாருதப்புரவல்லி இங்கே நீராடித்தான் குதிரை முகம் நீங்கப் பெற்றாள் என்பது ஐதீகம். இதை நான் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

"மூணு முழுக்கா போட்டுட்டு வாங்க" என்றாள், துண்டை நீட்டி.

தலை துவட்டிக்கொண்டு வந்தவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கப்பலுக்கு இன்னும் நேரம் இருக்குல்ல? இன்னொரு தடவ போய்ட்டு வாங்க."