மடக்கிக் கேட்ட கேள்விகள்

கேள்வி (கரூர் வாசகர்): ஆன்லைனில் 350 ரூபாய்க்கு ஒரு மடக்குக்கத்தி பார்த்தேன். 'சர்ஜிக்கல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இராணுவத் தரம்' என்று போட்டிருக்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

பதில்: ஆபரேஷன் செய்யும் உத்தேசம் இல்லையென்றால் முதல் அடைமொழியை மறந்துவிடலாம். 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்பது இன்ன எஃகு என்று யாரும் வரையறுத்து வைத்த ரகமல்ல. ஆஸ்பத்திரிக் கருவிகள் நீராவியில் எத்தனை தடவை வெந்தாலும் துருப்பிடிக்கக் கூடாது, அதுதான் அவற்றுக்கு முதல் தகுதி. வருஷக்கணக்கில் கூர் நிற்க வேண்டிய அவசியம் அங்கே இல்லை. அறுவைக் கத்தியின் பிளேடை ஒரு நோயாளியோடு கழற்றி எறிந்துவிடுகிறார்கள்.

இராணுவத் தரம் என்றால் எந்த நாட்டு இராணுவம் என்று கேட்க வேண்டும். நிஜமாகவே இராணுவத்துக்காகப் பிறந்த மடக்குக்கத்தி ஒன்று உண்டு. சுவிஸ் படைக்கு 1889-இல் புதுத் துப்பாக்கி வந்தது. அதைக் கழற்ற ஒரு திருப்புளி, டப்பா உணவைத் திறக்க ஒரு திறப்பான், துளை போட ஒரு ஊசி, ஒரு பிளேடு. அவர்கள் கேட்டது அவ்வளவுதான். முதல் சரக்கு ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்து வந்தது. அதில் ரோஷப்பட்ட இபாக் ஊர்க் கத்திக்காரர் கார்ல் எல்செனர் 1891-இல் தாமே செய்து கொடுக்க ஆரம்பித்தார். சோலிங்கன் விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஏறக்குறைய திவாலாகிப் பிழைத்தார். அந்தப் பட்டறைதான் இன்றைய விக்டோரிநாக்ஸ். அதன் பிளேடு கடினத்தில் உலகத்தை மிரட்டுவதில்லை. ராக்வெல் அளவில் சுமார் 56 தான். துருப்பிடிக்காது, வீட்டிலேயே தீட்டலாம். சிப்பாய்க்கு அது போதுமானதாக இருந்தது.

கரூர்க்காரர் பார்த்த விளம்பரத்தில் எஃகின் பெயரே இல்லை. மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் பட்டங்களை மட்டும் அடுக்கும் தரகரிடம் எவ்வளவு உஷாராக இருப்போமோ, அவ்வளவு உஷார் இங்கேயும் தேவை.

கேள்வி (மதுரை வாசகி): பெயர் சொன்னால் மட்டும் என்ன புரிகிறது? 420, 440, 8சிஆர்13எம்ஓவி, டி2... இதற்கெல்லாம் அர்த்தம் உண்டா?

பதில்: உண்டு. இரண்டே சரக்கைக் கவனித்தால் முக்கால்வாசி விளங்கிவிடும். கார்பன் கூடினால் எஃகு கடினமாகும், கூர் நிற்கும். குரோமியம் கூடினால் துரு விலகும். எவர்சில்வர் என்று சொல்லிக்கொள்ள ஏறத்தாழ 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும். கத்திக்காரர்கள் 13-ஐ ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். சிக்கல் என்னவென்றால் குரோமியத்துக்குக் கார்பன் மேல் ஆசை அதிகம். இருக்கிற கார்பனில் ஒரு பங்கை அது இழுத்துக்கொள்ளும்.

ஷெஃபீல்டில் 1913-இல் ஹாரி பிரேர்லி துப்பாக்கிக் குழாய்க்காக ஆராயப் போய்த் துருப்பிடிக்காத எஃகைக் கண்டார். அதில் கத்தி செய்யலாம் என்று அவர் சொன்னபோது, ஊர்க் கத்திக்காரர்கள் அவருக்கு 'வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்' என்று பட்டம் கட்டினார்கள். எஃகைவிட அதை எப்படிக் காய்ச்சித் தோய்ப்பது என்று அப்போது யாருக்கும் சரியாகப் பிடிபடாததுதான் காரணம்.

இனி எண்களுக்கு வருவோம். சாதாரண 420-இல் கார்பன் குறைவு. துருவுக்கு அஞ்சாது, கூருக்கும் ஆசைப்படாது. 440-இல் ஏ, பி, சி என்று மூன்று தம்பிமார். 'ஏ'யில் கார்பன் 0.65 முதல் 0.75 சதவீதம்; 'சி'யில் 0.95 முதல் 1.2. வெறுமனே 440 என்று மட்டும் பொறித்திருந்தால் அது 'ஏ' என்று எடுத்துக்கொள்வது உத்தமம். 'சி'யாக இருந்தால் விற்பவர் அந்த எழுத்தைப் பெரிதாகவே போட்டிருப்பார்.

8சிஆர்13எம்ஓவி சீன எஃகு. பெயரே சமையல் குறிப்பு: கார்பன் 0.8, குரோமியம் 13, கூடவே கொஞ்சம் மாலிப்டினமும் வனேடியமும். குவாங்டாங் மாகாணத்தின் யாங்ஜியாங்கில் குவியும் மலிவுக் கத்திகளில் இது சகஜம். ஜப்பானின் ஏயூஎஸ்-8 இதற்கு ஒன்றுவிட்ட அண்ணன். குறைந்த விலையில் ஒழுங்காக உழைக்கும் இரண்டு ரகங்கள் இவை.

டி2 கத்திக்கென்று பிறந்ததல்ல. தகடு வெட்டும் அச்சுகளுக்கான எஃகு. கார்பன் ஒன்றரை சதவீதம், குரோமியம் 12. அந்தக் குரோமியத்தில் பெரும்பங்கு கார்பனோடு கைகோத்துவிடுவதால், துருவைத் தடுக்க மிஞ்சுவது கொஞ்சம்தான். கூர் நெடுநாள் நிற்கும். சென்னை வியர்வையில் புள்ளி விழும். மழுங்கினால் சின்னக் கல்லை வைத்துக்கொண்டு சாயங்காலம் முழுக்க உட்கார வேண்டும்.

கேள்வி (கோவை வாசகர்): '60 எச்ஆர்சி' என்று போட்ட கத்தி, '56' என்று போட்டதைவிட உசத்திதானே?

பதில்: வைரக்கூம்பு ஒன்றை 150 கிலோ பாரத்தில் எஃகின்மேல் அழுத்தி, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பதுதான் ராக்வெல் 'சி' சோதனை. அதற்குமேல் அந்த எண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கடினம் ஏற ஏறக் கூர் நிற்கும், கூடவே விளிம்பு பொரிந்து உதிரும் வாய்ப்பும் ஏறும். பெயரில்லாத கம்பெனியின் 60 என்பது, அச்சகத்துக்காரர் சொன்ன 60-ஆகவும் இருக்கலாம்.

பதம் போடுவதில் இருக்கிறது விஷயம். அமெரிக்காவின் பக் கம்பெனி 1964-இல் கொண்டுவந்த '110' மடக்குக்கத்தி இன்றும் விற்கிறது. அதில் இப்போது போடுவது 420எச்சி, பட்டியலில் பார்த்தால் சாதாரண எஃகு. ஆனால் பால் போஸ் என்ற நிபுணர் வகுத்துக்கொடுத்த முறையில் அதைக் காய்ச்சிப் பதப்படுத்துகிறார்கள். அவசரமாகச் சுட்டெடுத்த 440சி-யைவிட அது மேலாக வெட்டும். எஃகின் பெயரை விலைக்கு வாங்கலாம். உலைக்களத்து ஒழுங்கை அப்படி வாங்க முடியாது. ஆகவே தெரிந்த கம்பெனியின் சாதாரண எஃகு, தெரியாத கம்பெனியின் உயர்ந்த எஃகைவிட லாபம்.

கேள்வி (திருச்சி வாசகர்): கடையிலேயே கத்தியைச் சோதிக்க வழி என்ன? முடி மழித்துப் பார்க்கலாமா?

பதில்: கைமுடி போனால் திரும்ப வளரும், ஆனால் அதனால் தெரிவது சொற்பம். புதுக்கத்தியின் கூர், கம்பெனியில் கடைசி நிமிஷத்தில் பெல்ட்டில் ஏற்றியது. ஒரு மாதம் கழித்து அது எப்படி இருக்கும் என்று அந்த முடி சொல்லாது.

கண்ணும் விரலும் சொல்வது அதிகம். கத்தியை மெதுவாகத் திறக்க வேண்டும். பாதியில் கரகரப்போ திடீர்த் தளர்ச்சியோ இருக்கக் கூடாது. முழுக்கத் திறந்து, பிடியை இறுக்கிப் பிடித்து, பிளேடின் நுனியை இடம் வலமாக அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது. மூடிய கத்தியை மேலிருந்து பார்த்தால் பிளேடு இரண்டு பக்கத் தகடுகளுக்கும் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் உரசினால் ரிவிட் அடித்தவர் அவசரத்தில் இருந்திருக்கிறார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் முதுகு வில்லுக்கும் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் ஒழுகக் கூடாது.

பிறகு டியூப்லைட்டுக்குக் கீழே கூரை மேல்நோக்கிப் பிடிக்க வேண்டும். நல்ல கூர் கண்ணுக்கே தெரியாது, கறுப்பாய் மறைந்துவிடும். மழுங்கிய இடமும் பொரிந்த இடமும் வெள்ளையாக மின்னிக் காட்டிக்கொடுக்கும். கூருக்கு இருபுறமும் தீட்டிய பட்டையின் அகலம் ஒன்றாக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். குதிகாலில் அகலம், நுனியில் குறுகல் என்றிருந்தால் அந்தக் கோணலை நிமிர்த்த உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் போகும்.

பூட்டைச் சோதிக்கிறேன் என்று கத்தி முதுகைக் கல்லாப்பெட்டியில் ஓங்கி அடித்துப் பார்க்கும் வீரர்கள் உண்டு. பூட்டு விட்டுக்கொடுத்தால் பிளேடு மூடுவது அவர்கள் விரல்மேல்தான்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): ஓப்பினெல் கத்தியை ஆளாளுக்குப் புகழ்கிறார்கள். ஒரு மரக்கட்டை, ஒரு தகடு. பொம்மை மாதிரி இருக்கிறது. அப்படி என்ன விசேஷம்?

பதில்: விசேஷமே அதுதான். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓப்பினெல் 1890-இல் செய்த கத்தி, இன்றைக்கும் மொத்தம் ஐந்தே உறுப்பு: பிளேடு, பீச் மரப்பிடி, ஓர் ஆணி, ஒரு வளையம், அதன்மேல் சுழலும் பூட்டு வளையம். அந்தக் கடைசி வளையம்கூட 1955-இல்தான் வந்து சேர்ந்தது. உறுப்பு குறையக் குறையக் காசு பிளேடுக்குப் போகிறது. அலங்காரத்தில் கரைவதில்லை.

இன்னொரு காரணம், பிளேடு மெல்லியது. பரவலாக விற்கும் 8-ஆம் எண் கத்தியில் பிளேடு நீளம் எட்டரை சென்டிமீட்டர், முதுகுக் கனம் இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. பிளாஸ்டிக் மண்டையோடு பதித்த 'கமாண்டோ' கத்திகளுக்கு மூன்றரை, நான்கு மில்லிமீட்டர் முதுகு. அதை வைத்து ஒரு கிளிமூக்கு மாங்காயை நறுக்கிப் பாருங்கள்: பாதி தூரம் வெட்டும், அதற்குப் பிறகு ஆப்பு இறக்கியதுபோல் 'படக்'கென்று பிளக்கும். ஓப்பினெல் கடைசிவரை அறுத்துக்கொண்டே இறங்கும். எஃகு எதுவாக இருந்தாலும் தடித்த பிளேடு மெல்லியதாக வெட்டாது. விளம்பரங்கள் சொல்லாமல் விடுகிற சங்கதி இது. தடிமனாக இருந்தால் படத்தில் கம்பீரமாகத் தெரிகிறதே!

குறையும் உண்டு. பீச் மரம் தண்ணீர் குடித்தால் ஊதும், பிளேடு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஐப்பசி மழையில் இது நிச்சயம் நடக்கும். பிடியின் அடிமுனையை மேஜை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் பிளேடு தலையை நீட்டும். பிரான்சில் இதற்குச் 'சவோயார் தட்டு' என்றே பெயர். கத்தி இரண்டு எஃகில் கிடைக்கிறது. கார்பன் எஃகுக் கத்தியில் எலுமிச்சை நறுக்கித் துடைக்காமல் வைத்தால் மறுநாள் கறுத்திருக்கும். 'இனாக்ஸ்' என்று பொறித்தது ஸ்வீடனின் 12சி27 வகை, துருப்பிடிக்காதது. கடற்காற்று அடிக்கும் நாகர்கோவிலுக்கு அதுவே பொருத்தம். பிரான்சில் இது மலிவுக் கத்தி. இங்கே இறக்குமதியாகி வரும்போது விலை கொஞ்சம் மிடுக்காகிவிடும்.

கேள்வி (புதுச்சேரி வாசகி): தேனீ பொறித்த லாகியோல் கத்தி பாதி விலைக்குக் கிடைக்கிறது. அசல் பிரெஞ்சுக் கத்திதானே?

பதில்: தேனீ எங்கே வேண்டுமானாலும் உட்காரும். லாகியோல் தெற்குப் பிரான்சில் ஒரு சிற்றூர். அந்தப் பெயரும் வடிவமும் நெடுங்காலம் சட்டப் பாதுகாப்பு இல்லாமல் கிடந்ததால், உலகில் எவர் வேண்டுமானாலும் அந்தப் பெயரில் கத்தி செய்தார்கள். பிரான்சிலேயே செய்ததில் பெரும்பகுதி அந்த ஊரில் அல்ல, தியேர் என்ற கத்தி நகரத்தில் செய்தது, அதில் குற்றமில்லை. பிளேடில் செய்தவர் பெயர், ஊர், எஃகு மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தேனீ மட்டும் இருந்தால், அது எந்தக் கூட்டிலிருந்து வந்ததென்று சொல்ல ஆளில்லை.

கேள்வி (ஈரோடு வாசகர்): அலையலையாகக் கோலம் போட்ட 'டமாஸ்கஸ்' மடக்குக்கத்தி 900 ரூபாய். அது நம்மூர் எஃகில் செய்தது என்கிறார்களே?

பதில்: பழைய கதை உண்மை. உங்கள் மாவட்டத்திலேயே நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில், மூசையில் எஃகு உருக்கிய தடயங்களை அகழாய்வில் எடுத்திருக்கிறார்கள். கார்பன் மிகுந்த இந்தத் தென்னிந்திய மூசை எஃகு மேற்கே கப்பலேறியது. அதை அடித்து நீட்டிய வாட்களில் தானாகவே அலைக்கோடு எழுந்தது. லண்டனில் மைக்கேல் ஃபாரடே மின்சாரத்தில் பேர் வாங்குவதற்கு முன்பு இந்த எஃகின் ரகசியத்தைத்தான் துருவிக்கொண்டிருந்தார்.

இன்றைய 'டமாஸ்கஸ்' வேறு சங்கதி. இரண்டு வகை எஃகைப் பட்டை பட்டையாக அடுக்கிக் காய்ச்சி ஒட்டி, அமிலத்தில் முக்கிக் கோலத்தை எழுப்புகிறார்கள். நன்றாகச் செய்தால் அழகும் உண்டு, கூரும் உண்டு; கூலியும் உண்டு. 900 ரூபாய்க்குக் கிடைப்பதில் கோலம் பெரும்பாலும் லேசரில் வரைந்தது. ஓர் ஓரத்தை நைஸ் உப்புத்தாளால் தேய்த்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். அசலில் மறைந்த கோலம் மறுபடி அமிலம் பட்டால் எழும். வரைந்தது போனால் போனதுதான்.

கேள்வி (தஞ்சை வாசகர்): பழம் நறுக்க மட்டும்தான் கத்தி. பூட்டு அவசியமா?

பதில்: ஆப்பிள் திருப்பி அடிக்காது. குத்தித் துளை போடும் வேலை இருந்தால் மட்டும் பூட்டு தேவை.

கேள்வி (காரைக்குடி வாசகி): அக்கா மகனுக்குக் கத்தி பரிசளித்தால் உறவு அறுந்துவிடும் என்கிறார் அம்மா.

பதில்: ஐரோப்பியப் பாட்டிகளும் இதையே சொல்கிறார்கள், பரிகாரமும் அவர்களிடம் இருக்கிறது. வாங்குகிறவர் பதிலுக்கு ஒரு நாணயம் கொடுத்துவிட்டால் அது பரிசல்ல, வியாபாரம். பையனிடம் ஒரு ரூபாய் வாங்கிக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. பில்லை அம்மா கேட்கமாட்டார்.

கேள்வி (சென்னை வாசகர்): பையில் வைத்துக்கொண்டு திரிந்தால் போலீஸ் பிடிக்குமா?

பதில்: ஆயுத விதிகள் கணக்கில் எடுப்பது ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள பிளேடை, அதிலும் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் ஆனவற்றுக்கு விலக்கு உண்டு. மூன்றங்குலப் பேனாக்கத்தி அந்தக் கணக்குக்குப் பக்கத்திலேயே வராது. ஆனால் இரவு வாகனச் சோதனையில் நிற்கும் காவலர் ஸ்கேலோடு நிற்பதில்லை. மண்டையோடு பதித்த கத்தியையும் மரப்பிடிக் கத்தியையும் அவர் ஒரே கண்ணால் பார்க்கமாட்டார்.

விமானத்தில் கைப்பையில் கூடவே கூடாது, செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள். அமெரிக்காவில் 2013-இல் ஆறு சென்டிமீட்டர்வரை கைப்பையில் அனுமதிக்கலாம் என்று அறிவித்தார்கள். விமானப் பணியாளர்கள் போட்ட சண்டையில் சில மாதங்களிலேயே அதைக் கைவிட்டார்கள்.

கேள்வி (சேலம் வாசகர்): மழுங்கினால் தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா?

பதில்: பொறி பறக்கிறதே, அது பார்க்க அழகு, கத்திக்கு ஆபத்து. காய்ந்த சக்கரத்தில் மெல்லிய கூர் நொடியில் சூடேறும். வைக்கோல் நிறம் தட்டி, பிறகு நீலம் பாய்ந்தால் அந்த இடம் ஏறக்குறைய 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று பொருள். மலிவுக் கத்திகள் பலவற்றின் பதம் அதைவிடக் குறைந்த சூட்டில் போட்டது. நீலம் பாய்ந்த இடம் இளகிவிடும், அப்புறம் எத்தனை தீட்டினாலும் நிற்காது. கொடுத்தே ஆக வேண்டுமென்றால், இழுப்புக்கு இழுப்பு தண்ணீரில் தோய்க்கச் சொல்ல வேண்டும்.

அதைவிட, தச்சர்கள் உளி தீட்டும் எண்ணெய்க்கல் ஒன்று போதும். கத்தியைக் கல்மேல் செங்குத்தாக நிறுத்தி, பாதி சாய்த்து, மறுபடி பாதி சாய்த்தால் இருபத்திரண்டு டிகிரி சொச்சம். அதற்கும் ஒரு மயிரிழை கீழே. ஒரே பக்கமாகத் தேய்த்துக்கொண்டு போனால் எதிர்ப்பக்கம் மெல்லிய பிசிறு எழும், நகத்தில் தட்டுப்படும். அது குதிகாலிலிருந்து நுனிவரை எழுந்த பிறகுதான் கத்தியைத் திருப்ப வேண்டும். பலர் கெடுப்பது இங்கேதான்: பத்துத் தேய்ப்பு இந்தப் பக்கம், பத்து அந்தப் பக்கம் என்று கணக்குப் பார்ப்பார்கள், பிசிறு எழுந்ததா என்று பார்க்கமாட்டார்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் நாலு இழுப்பு. டி2 வாங்கியவர்கள் எண்ணெய்க்கல்லை நம்பாமல் வைரத்தூள் பதித்த தட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

சாணைக்காரர் வருமானம் போகிறதே என்று கவலையாக இருந்தால் வீட்டு அரிவாள்மனையைக் கொடுங்கள். அதற்கு அவர்தான் சரி.