ஞாயிற்றுக்கிழமையை மலையேற்றுவது எப்படி?

கிள்ளான் பள்ளத்தாக்கில் மலைக்குப் பஞ்சமில்லை. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர், மேற்கே மலாக்கா நீரிணை, நடுவில் குன்று குன்றாக நம்முடைய வீட்டுக் கடன். இப்படிப்பட்ட ஊரில் பிள்ளைகளுக்கு மலையேற்றம் பிடித்துப்போகும் அபாயம் எப்போதும் உண்டு. பிடித்துவிட்டால் வாராவாரம் "எங்கப்பா போறோம்?" என்று உயிரை எடுப்பார்கள். முதல் பயணத்திலேயே அந்த ஆசையைக் கிள்ளி எறிந்துவிட வேண்டும். கவலை வேண்டாம், கீழே இருப்பதில் பாதியை நீங்கள் ஏற்கெனவே சிறப்பாகச் செய்து வருகிறீர்கள்.

1. பொருந்தாத மலையைத் தேர்ந்தெடுங்கள்.

பிள்ளைகளுக்கு ஏற்ற இடங்களை முதலில் பட்டியலிடுங்கள். பிறகு அவற்றை ஒவ்வொன்றாக அடித்துவிடுங்கள். பெட்டாலிங் ஜெயா எல்லையில் இருக்கும் புக்கிட் காசிங் வேண்டாம். அங்கே தொங்குபாலம் இருக்கிறது, பழைய பால்மரங்கள் இருக்கின்றன, குன்றின் மேல் சிவன் கோயிலும் இருக்கிறது. பிள்ளை, பாட்டி, சாமி மூவருமே திருப்தியாகிவிடுவார்கள். கோலாலம்பூர் நடுவே புக்கிட் நானாஸ், 1906-லிருந்து காப்புக்காடு. அதுவும் வேண்டாம், ரயிலில் போய்விடலாம் என்பதே அவமானம். பந்திங் பக்கம் கடலோரச் சமவெளியில் தனியாக எழுந்து நிற்கும் புக்கிட் ஜுக்ராவையும் அடித்துவிடுங்கள். ஒரு காலத்தில் சிலாங்கூர் சுல்தான் வாழ்ந்த ஊர், மேலே கலங்கரை விளக்கம், கண்ணுக்கெட்டும் தூரத்தில் நீரிணை. கிள்ளான்காரர்கள் பின்மதியத்துக்குள் போய்த் திரும்பலாம். இவ்வளவு வசதி உங்கள் நோக்கத்துக்கு ஆகாது.

கெப்போங் வன ஆய்வுக் கழகத்தை மட்டும் தனியாகக் கவனியுங்கள், ஏனென்றால் அதுதான் மிக ஆபத்தானது. ஈயம் தோண்டிப் பாழாய்ப்போன நிலத்திலும் காய்கறித் தோட்டங்கள் இருந்த இடத்திலும் 1920-களிலிருந்து மரம் நட்டு நட்டு வளர்த்த காடு. 2025-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அங்கே கபூர் மரங்களின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஒரு மரத்தின் உச்சி அடுத்த மரத்தின் உச்சியைத் தொடுவதில்லை. நடுவில் வாய்க்கால் வெட்டிவிட்டது போல வானம் ஓடும். ஏன் தொடுவதில்லை என்று விஞ்ஞானிகளே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் மகள் அதைப் பார்த்துவிட்டால் தரையில் மல்லாந்து படுத்துவிடுவாள். அப்புறம் கேள்வி கேட்பாள். உங்களால் சமாளிக்க முடியாது.

ஆகவே புக்கிட் தாபூர். உங்கள் மச்சான் புலனத்தில் அனுப்பிய காணொளியே போதுமான ஆதாரம். கத்தி முனைபோல் நீளும் குவார்ட்ஸ் பாறை முகடு, கீழே 1958-ல் கட்டிய கிள்ளான் கேட்ஸ் அணை. விழுந்து இறந்தவர்கள் இருக்கிறார்கள், கட்டுப்பாடுகளும் இருக்கின்றன. காப்புக்காட்டுக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைந்தால் 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி 10,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். குடும்பத்தோடு செய்ய எத்தனையோ செலவுகள் இருக்கும்போது இதை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்?

தாபூர் வேண்டாமென்று மனைவி மறுத்தால் இறங்கி வாருங்கள்: குனோங் நுவாங். 1,493 மீட்டர், சிலாங்கூரின் உயரமான மலைகளில் ஒன்று. தொடக்கத்திலேயே ஒரு மண்சாலை வரும். ஏறிப் பழகியவர்கள் அதற்கு "நெவர் எண்டிங் ரோடு" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளையை அந்தச் சாலையில் நடக்கவிட்டால் மலை வருவதற்கு முன்பே மலையை வெறுத்துவிடும்.

2. விடியற்காலை ஆறு மணிக்குக் கிளம்புவதாக முதல் நாளே அறிவியுங்கள்.

நாலரைக்கு எல்லாரையும் எழுப்புங்கள். பிறகு நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள். எட்டு மணிக்குக் கிளம்பி, பிரிக்பீல்ட்ஸில் பசியாற நிறுத்துங்கள். தோசை, அதற்கு மேல் ஒரு ரொட்டி சானாய், அதற்கு மேல் தே தாரிக். அங்கே தூரத்துச் சொந்தம் ஒருவரைக் கட்டாயம் பார்ப்பீர்கள். அவருடைய மகள் கல்யாணம் எந்த மண்டபத்தில் என்பதை விசாரித்து முடிக்கும்போது மணி பத்தரை.

பதினொன்றரைக்கு அடிவாரம். காலையிலேயே ஏறியவர்கள் குளிர்ந்த முகத்தோடு இறங்கி வருவார்கள்; அவர்களைப் பரிதாபமாகப் பாருங்கள். காரை யாருடைய வீட்டு வாசலிலாவது குறுக்கே நிறுத்துங்கள். அந்த வீட்டுக்காரரும் ஞாயிற்றுக்கிழமை எங்கேயாவது போக நினைப்பார் என்பது உங்கள் கவலை அல்ல. இந்தக் கணக்குப்படி மழை இடியோடு கொட்டும் நேரத்தில், அதாவது மூன்று மூன்றரைக்கு, நீங்கள் சரியாக நடுக்காட்டில் இருப்பீர்கள். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் இது அநேகமாகத் தவறாது.

3. காலணி.

வெள்ளை நிறத்தில் விலை உயர்ந்த, அடிப்பாகம் வழுவழுப்பான காலணியாக வாங்குங்கள். தப்பித்தவறிக்கூட 'அடிடாஸ் கம்போங்' பக்கம் போகாதீர்கள். அந்தக் கறுப்பு ரப்பர் சப்பாத்துக்கு இருபது வெள்ளிகூட ஆகாது, சகதியில் வழுக்காது, கழுவினால் உடனே காயும். மலை வழிகாட்டிகளே அதைத்தான் மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். தோட்டத்தில் மரம் சீவப் போனவர்கள் போட்டது என்பதால் நமக்கு மதிப்பில்லை.

இங்கே பாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. இருட்டோடு எழுந்து, பெரட்டுக்கு நின்று, மேட்டிலும் பள்ளத்திலும் நூற்றுக்கணக்கான பால்மரங்களைச் சீவி, நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கியவர் அவர். அட்டை, பாம்பு, வழுக்குப் பாறை, வரப்போகும் மழை எல்லாம் அவருக்குத் தெரியும். அவரைக் காரிலேயே உட்கார வைத்துவிடுங்கள். "உங்களால முடியாது பாட்டி" என்று அன்போடு சொல்லி, கண்ணாடியை இரண்டு அங்குலம் இறக்கிவிட்டுப் போங்கள்.

4. சாப்பாடும் தண்ணீரும்.

ஆறு பேருக்கு ஒரு சின்ன புட்டித் தண்ணீர். சாப்பாடு மட்டும் இருபது பேருக்கு: நாசி லெமாக், மீ கோரேங், முறுக்கு, தர்பூசணி முழுசாக ஒன்று. எல்லாவற்றையும் சிவப்பு நெகிழிப்பையில் போட்டு, உள்ளதிலேயே சின்னப் பையன் கையில் கொடுங்கள். நெகிழிப்பை சலசலத்தால் சாப்பாடு என்று பத்துமலைக் குரங்குகளுக்கு மட்டுமல்ல, இந்த மாநிலத்துக் குரங்குகள் எல்லாவற்றுக்கும் தெரியும். குரங்கு வந்தால் முதலில் ஒரு பழம் கொடுத்து நட்பாகுங்கள், புகைப்படம் எடுங்கள். பிறகு அது முழுப்பையையும் கேட்கும்போது பையனைத் திட்டுங்கள்.

5. நடை.

அப்பா முன்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். யாருக்கும் முகம் தெரியக் கூடாது. பிள்ளைகள் மூச்சு வாங்க வந்து சேரும் அதே நொடியில், நீங்கள் ஓய்வெடுத்து முடித்தவராக எழுந்து "வாங்க வாங்க, இன்னும் அஞ்சே நிமிஷம்" என்று கிளம்புங்கள். இந்த அஞ்சு நிமிஷத்தைக் குறைந்தது இரண்டு மணி நேரத்துக்கு நீட்டலாம்.

பிள்ளை எதையாவது பார்த்து நின்றால்? எறும்பு வரிசை, உருண்டையாய்ச் சுருண்டுகொள்ளும் மரவட்டை, தரைக்கு மேலே முட்டிக்கொண்டு நிற்கும் வேர். ஒரு பிள்ளைக்கு மலை என்பதே இதுதான். உச்சியைப் பற்றி அதற்கு ஒரு அக்கறையும் இல்லை. ஆகவே இந்த இடத்தில்தான் உங்கள் முழுத் திறமையும் தேவை. "வேடிக்கை பார்க்கவா வந்தோம்?" என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏற்கெனவே கினபாலு ஏறிவிட்டதை நினைவூட்டுங்கள். அதுவும் எடுபடாவிட்டால் வாய்ப்பாடு கேளுங்கள். யூபிஎஸ்ஆர் தேர்வை அரசாங்கம் 2021-ல் ரத்துசெய்துவிட்டது. காட்டுக்குள் நீங்கள் தொடர்ந்து நடத்துவதை யாரும் தடுக்கப்போவதில்லை.

6. அட்டை கடித்தால் அலறுங்கள். பிள்ளையைவிடச் சத்தமாக.

7. ஒலிபெருக்கி.

புளூடூத் வகையில் பெரியதாக ஒன்றைப் பைக்கு வெளியே தொங்கவிடுங்கள். இருவாட்சி, குக்குறுவான், சில்வண்டு என்று காட்டில் ஏகப்பட்ட இரைச்சல்; உங்கள் குத்துப்பாட்டுதான் அதை அடக்க வேண்டும். எதிரே வரும் சீன ஆன்ட்டிமார்கள் எல்லாருக்கும் காலை வணக்கம் சொல்லிக்கொண்டே போவார்கள். நீங்கள் பதிலுக்குச் சத்தத்தைக் கூட்டுங்கள்.

8. மழை வந்தால் ஆற்றுக்குப் போங்கள்.

காஞ்சிங் அருவிக்கு ஏழு அடுக்கு; மேலே மலையில் மழை பெய்யும்போது கீழே வெயிலாகவே இருக்கலாம். தெளிந்த தண்ணீர் திடீரெனக் கலங்கும், இலையும் சுள்ளியும் மிதந்து வரும், இரைச்சல் மாறும். உள்ளூர்க்காரர்கள் இதற்குக் 'கெபாலா ஆயிர்' என்று சொல்லி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுவார்கள். மேலே தேங்கிய நீர் உடைத்துக்கொண்டு ஒரே மூச்சில் வருவதற்குச் சில நொடிகள்தான் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. நீங்கள் அந்த நொடிகளில் எல்லாரையும் பாறைமேல் வரிசையாக நிற்க வைத்து, சித்தி கண்ணை மூடிவிட்டார் என்று இன்னொரு படம் எடுங்கள். (இந்த ஒரு படியை மட்டும் தயவுசெய்து நான் சொன்னதற்காகச் செய்துவிடாதீர்கள். மற்றதெல்லாம் உங்கள் விருப்பம்.)

9. இறங்கும்போது பிரிந்துவிடுங்கள்.

மாமாவுக்குக் குறுக்குவழி தெரியும். எந்த மாமாவுக்கும் எந்த மலையிலும் தெரியும். கைவிளக்கு கொண்டுவராதீர்கள், கைப்பேசியில் இருக்கிறதே. அதன் மின்கலத்தை ஒலிபெருக்கியும் படங்களும் தின்று முடித்திருக்கும் என்பது ஆறரை மணிக்குத் தெரியவரும். வெளியே ஏழேகாலுக்குத்தான் சூரியன் மறையும். மரங்களுக்கு அடியில் அதற்கு வெகு முன்பே இருட்டிவிடும். யார் எந்தப் பாதையில் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடமும் சொல்லி வைக்காதது இப்போது நன்றாகக் கைகொடுக்கும். 999-க்கு அழைத்தால் தீயணைப்பு மீட்புப் படையினர் வருவார்கள். அவர்களும் ஞாயிற்றுக்கிழமை வேறென்ன செய்வார்கள்?

10. வீடு திரும்பும் வழி.

யாரும் பேசமாட்டார்கள். பயிற்சி வெற்றி. "அடுத்த வாரம் எந்த மலை?" என்று கேட்டுப் பாருங்கள், பின்னிருக்கையிலிருந்து பதில் வராது. பாட்டி மட்டும் காசிங் கோயிலுக்கு நடந்தே போய் வரலாமே, சின்னவனைத் தான் கூட்டிப்போவதாகச் சொல்லுவார். காதில் வாங்காதீர்கள். அவர் பேச்சைக் கேட்டால் இவ்வளவு உழைப்பும் வீண்.

மிட் வேலி பேரங்காடி காலை பத்து மணிக்குத் திறக்கிறது. கார் நிறுத்த இடம் தேட அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள்.