புதுச்சாமியாரின் அறிமுகவுரை: ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரப் பங்குகளை முன்வைத்து ஓர் ஆய்வு

கத்தோலிக்கத் திருச்சபையின் இன்றைய சட்டத் தொகுப்பு 1983-இல் வந்தது. மொத்தம் 1752 சட்டங்கள். கடைசிச் சட்டம் எதைப் பற்றியது என்று கேட்டால் உலக முடிவு, பொதுத் தீர்வை என்றெல்லாம் ஊகிப்பார்கள். இல்லை, பங்குத்தந்தையை இடம் மாற்றுவது பற்றியது. ஆன்மாக்களின் மீட்பே திருச்சபையின் தலையாய சட்டம் என்ற மகத்தான வாக்கியமே டிரான்ஸ்ஃபர் விதியின் வாலில்தான் தொங்குகிறது. நம் ஆய்வுப் பொருளின் கனத்துக்கு இந்த ஒரு சான்று போதும்.

ஆனால் மாறி வந்தவர் முதல் ஞாயிறு மைக்கைப் பிடித்து என்ன பேச வேண்டும் என்று அந்த 1752-இல் ஒரு வரி கிடையாது. குருவாகப் போகிறவர் மெய்யியலும் இறையியலும் குறைந்தது ஆறு ஆண்டு படிக்க வேண்டும் (சட்டம் 250). பொறுப்பேற்கையில் விசுவாச அறிக்கை செய்ய வேண்டும் (833). கோயிலை ஒட்டிய இல்லத்தில் தங்க வேண்டும், விடுமுறை ஆண்டுக்கு ஒரு மாதத்தைத் தாண்டக்கூடாது (533). “என்னைப் பற்றிச் சில வார்த்தைகள்” என்ற இலக்கிய வகை மட்டும் யாரும் தண்ணீர் ஊற்றாமல் வேலியோரப் பூவரசுபோலத் தானாக வளர்ந்திருக்கிறது.

இதன் ஆதி வடிவம் மதுரையில் கிடைக்கிறது. 1606-இல் அங்கே வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலி, தத்துவ போதகர் என்று அறியப்பட்டவர். ஊரார் சந்தேகப்பட்டதும் 1611-இல் ஓர் அறிவிப்பை எழுதி ஊரறிய வெளியிட்டார். அதன் சாரம்: தாம் பரங்கி அல்லர், ஊர் ரோமாபுரி, குடும்பம் அரசர்களுக்கு ஒப்பானது, இப்போது சந்நியாசி. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். தாம் யார் அல்லர் என்பது முதலில், பிறகு ஊர், பிறகு குடும்பம், கடைசியில்தான் வந்த வேலை. நானூறு ஆண்டு கழித்து ஆவடியில் புதுச்சாமியார் பேசும்போதும் வரிசை இதுவே. “நான் ரொம்பக் கண்டிப்பானவன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அப்படியெல்லாம் இல்லை” என்று தொடங்குவார். அதுவரை யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தைக் களமாகக் கொண்டதற்கு இரண்டு காரணம். பூந்தமல்லியில் 1936-இல் பேராயர் லூயி மத்தியாஸ் நிறுவிய திருஇருதயக் குருத்துவக் கல்லூரி முதற்காரணம். சாமியார் இங்கே வெளியூர்ச் சரக்கல்ல, உள்ளூர் உற்பத்தி. படிக்கும் காலத்தில் ‘பிரதர்’ என்ற பெயரில் ஞாயிறுதோறும் பங்குகளுக்குப் போய் மறைக்கல்வி எடுத்தவர், தலை நரைத்தபின் அதே வட்டாரத்துக்குப் பங்குத்தந்தையாக வந்துவிடுவதுண்டு. “உங்களுக்கு நான் புதியவன்” என்று அவர் குரலைக் கனிவாக்கும் வேளையில், மூன்றாம் பெஞ்சில் ஒரு பாட்டி பக்கத்துப் பெண்ணிடம், “நம்ம ஒல்லி பிரதரு, நாடகத்துல ஏரோதா வந்தாரே” என்று மொத்த உரையையும் முடித்துவைப்பார்.

இரண்டாவது காரணம் மக்கள். சாமியாராவது ஒரு காலத்தில் உள்ளூரில் இருந்தவர். பங்கில் பாதிப்பேர் அதுவும் இல்லை. 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் கம்பெனி வந்தது, 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. அவற்றை நம்பித் தூத்துக்குடியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் வந்து இறங்கியவர்கள், அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். முப்பது வருடம் ஷிப்டுக்குப் போய் பட்டாபிராமில் வீடு கட்டிய பிறகும் “எந்த ஊரு?” என்றால் “சாத்தான்குளம் பக்கம்” என்றே பதில் வரும். ஆகவே அறிமுகவுரையின் மற்றெல்லாப் பகுதிகளையும் பொறுமையாகக் கடந்து, இவர்கள் ஒரே ஒரு தகவலுக்குக் காத்திருக்கிறார்கள்.

அது வந்த கணத்தில் கோயில் இரண்டாகப் பிரிகிறது. சாமியார் கடற்கரைக்காரர் என்றால் வலப்பக்கத்தில் சில முதுகுகள் நிமிரும். செங்கல்பட்டுப் பக்கம் என்றால் இடப்பக்கம் நிமிரும். இரண்டுமில்லாத மாவட்டத்தைச் சொன்னால், “அவங்க அம்மா எந்த ஊராம்?” என்ற துணை வினா எழும். இது நம் சனங்களின் குறுகிய புத்தி என்று தள்ளிவிடலாகாது. 2013 மார்ச் 13 இரவு புதிய திருத்தந்தை பிரான்சிஸ் வத்திக்கான் மாடத்தில் நின்று மாலை வணக்கம் சொன்னார். அடுத்துச் சொன்னது, கர்தினால்மார் தம்மை ஏறக்குறைய உலகத்தின் ஓரத்திலிருந்து பிடித்து வந்திருக்கிறார்கள் என்பது. அதாவது, ஊர்.

அடுத்து வருவது ஆர்ஸ் கதை. பிரான்சில் அந்தச் சின்ன ஊருக்கு 1818-இல் நடந்து வந்த ஜான் மரிய வியான்னி, ஆடு மேய்த்த சிறுவனிடம் வழி கேட்டார். நீ ஆர்ஸுக்கு வழி காட்டினாய், நான் விண்ணகத்துக்கு வழி காட்டுகிறேன் என்றார். பங்குத்தந்தையரின் பாதுகாவலர் அவர், மறுப்பதற்கில்லை. ஆனால் இன்று திருமுல்லைவாயில் சந்துகளில் வழி காட்டுவது கூகுள் மேப். அதற்குப் பதில் மரியாதை செய்ய வேண்டிய கடன் யாருக்கும் இல்லை. மேலும் வியான்னி அதே ஊரில் 41 ஆண்டு, சாகும்வரை இருந்தார் என்ற பின்பாதியை எந்தப் புதுச்சாமியாரும் சொல்வதில்லை. பங்குத்தந்தைக்கு நிலைத்தன்மை வேண்டும், காலவரை வைப்பதானால் ஆயர் பேரவையின் அனுமதி வேண்டும் என்று சட்டம் 522 சொல்வதையும் சொல்வதில்லை. சொன்னால் முன்வரிசையில் பங்குப் பேரவையின் முகம் மாறும்.

உரையின் மிக நுட்பமான வாக்கியம் இதற்குப் பின் வருகிறது: “முன்பிருந்த ஃபாதர் செய்த நல்ல காரியங்களை அப்படியே தொடர்வேன்.” ‘நல்ல’ என்ற சொல்லில் ஒரு சல்லடை இருக்கிறது. எந்தக் காரியம் அதில் தங்கும், எது கீழே விழும் என்பது லூர்து மாதா கெபியைச் சுற்றியுள்ள டைல்ஸின் நிறத்தில் விரைவில் தெரிந்துவிடும்.

நேரத்தைப் பொறுத்தவரை ஒரு சங்கடம் உண்டு. ஞாயிற்று மறையுரையைப் பெரிய காரணம் இல்லாமல் விடக்கூடாது என்பது சட்டம் 767. எனவே அறிமுகவுரை மறையுரைக்குப் பதில் ஆகாது; நற்கருணை வாங்கியபின் கூடுதலாக வரும். அதற்கு முன் பேரவைத் துணைத்தலைவரின் வரவேற்புரை, அன்பியம் எனப்படும் பங்குக் குழுக்களின் பொன்னாடைகள், வின்சென்ட் தெ பால் சபையின் மாலை, இளையோரின் பூங்கொத்து. கறிக்கடையில் கூட்டம் ஏறிக்கொண்டிருப்பதை ஆண்கள் வரிசை அறியும். “இரண்டே வார்த்தை” என்று தொடங்குகிறவரைவிடத் தொடக்கத்தில் எதுவும் உறுதி தராதவர் சீக்கிரம் முடிக்கிறார் என்பது என் துணிபு.

பிறகு வாசலில் டீயும் சமோசாவும். உண்மையான அறிமுகம் அங்கேதான் நடக்கிறது. தெற்கத்திப் பெரியவர் “ஸ்தோத்திரம் சாமி” என்று கைகூப்பித் தம் தாத்தா காலத்துப் பங்குச் சாமியார் வரை ஒப்பிக்கிறார். பாடகர் குழு புதுக் கீபோர்டைப் பற்றி மறைமுகமாகப் பேசுகிறது. எல்லாரும் நகர்ந்தபின் கோயில்பிள்ளை சாவிக்கொத்தோடு வருகிறார். பல சாமியார்களை வரவேற்று அனுப்பியவர். உரையில் ஒரு சொல்லையும் கேட்டிருக்க மாட்டார்.

“ஃபாதர், காலைப் பூசை ஆறு மணிதானே?”

“இப்போதைக்கு ஆறு மணி.”

‘இப்போதைக்கு’ என்ற அந்தச் சொல் பட்டாபிராம் போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது என்பதைத் தனி ஆய்வாக எடுத்துக்கொள்ளலாம். சமோசா தீருமுன் போய்விடுகிறது என்பதே முதற்கட்ட முடிவு.