இடுப்பளந்தான் மேடு

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு வேகத்தடை போல இன்னொன்று இல்லை. இதற்கெல்லாம் அளவே கிடையாதா?
– கரமனை வாசகர் ஒருவர், திருவனந்தபுரம்

பதில்: ஏன் இல்லை? இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-லேயே எழுதி வைத்துவிட்டது. (கட்சி என்று நினைத்துவிடாதீர்கள்; சாலைப் பொறியாளர்களின் அமைப்பு.) அகலம் 3.7 மீட்டர், நடு உயரம் 10 சென்டிமீட்டர், வளைவின் ஆரம் 17 மீட்டர். 25 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அலுங்காமல் ஏறி இறங்கலாம். கறுப்பு வெள்ளைப் பட்டையும், 40 மீட்டருக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகையும் வேண்டும்.

சூட்சுமம் உயரத்தில் இல்லை, அகலத்தில். அகலமான மேட்டில் வேகம் கூடக் கூடக் குலுக்கலும் கூடும். ஓட்டுநர் தானாக பிரேக்கை மிதிப்பார். ஒரு முழ அகலத்தில் கட்டிய குட்டிச்சுவரோ நேர்மாறு. பறந்து வருகிற காரின் அதிர்வை ஸ்பிரிங் விழுங்கிவிடும்; பால் பாக்கெட்டோடு மெதுவாக உருட்டி வருகிற ஸ்கூட்டர்காரருக்குத்தான் உதை. அதாவது, ஒழுங்காகப் போகிறவருக்கு அபராதம்!

போக்குவரத்தை ஆராய்வதற்கென்றே 'நாட்பாக்' என்ற மையம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஆனால், தெருவில் 'ஹம்ப்' போட வருகிறவர் கையில் கரணைதான் இருக்கிறது, டேப் இல்லை.

நீங்களே ஒரு டேப்போடு போய் அளந்து, மாநகராட்சிக்கு எழுதிப் போடுங்களேன். குனிந்து அளக்கும்போது மட்டும் ஒரு கண் ஆட்டோ வருகிற பக்கம் இருக்கட்டும்.