சிங்கத்தின் வாய்

அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஒரு பாட்டு டீச்சர், ஒரு ஹோமியோபதி மாமா என்றிருந்த காலம் போய், இப்போது பிளாக்குக்கு ஒரு டாரட் அக்கா. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். ஐ.டி. கம்பெனி எச்.ஆர். பிரிவில் பல வருஷம் இருந்து, ஒரு நாள் ‘உள்ளே ஏதோ கூப்பிட்டதால்’ விலகியவர். கழுத்தில் ஸ்படிகம், மணிக்கட்டில் கருமணி, வாயில் எனர்ஜி. கரண்ட் போனாலும் அவர் வீட்டில் எனர்ஜி போகாது.

டாரட் அட்டைக்கட்டைப் பட்டுத்துணியில் சுற்றி வைப்பது மேல்நாட்டுச் சம்பிரதாயம். அக்கா அதற்கு நவராத்திரியில் யாரோ வைத்துக்கொடுத்த ஜாக்கெட் பிட்டை எடுத்துக்கொண்டார். அடுத்த வருஷம் இன்னொரு வீட்டுத் தாம்பாளத்துக்குப் போகாமல் ஒரே இடத்தில் தங்கிவிட்ட ஜாக்கெட் பிட் அநேகமாக அது ஒன்றுதான். ராகு காலத்தில் கட்டைத் தொடமாட்டார். அஷ்டமி, நவமியில் புது ஆள் பார்க்கமாட்டார். ஆனாலும் ஜோசியம் என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சுருங்கிவிடும். “நான் ஃபியூச்சர் சொல்றதில்லீங்க. உங்க பவரை உங்களுக்கே காட்டுறேன், அவ்வளவுதான்.”

கிளி ஜோசியத்தில் கிளி வந்து சீட்டை எடுத்துப் போட்டு, ஒரு நெல்லைக் கொத்திக்கொண்டு கூண்டுக்குத் திரும்பும். அக்கா வீட்டில் சீட்டெடுக்கும் வேலை வந்தவருடையது. நெல் கிடையாது, போகும்போது ஜிபே பண்ண வேண்டும். கிளியைக் கூண்டில் வைத்தால் 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வனத்துறை வரும். வாடிக்கையாளரை சோபாவில் வைத்தால் யாரும் வருவதில்லை.

அக்காவின் தனிச்சிறப்பு, புத்தகம் படிக்காதது. படித்தால் உள்ளுணர்வு கெட்டுவிடுமாம். ‘வலிமை’ என்றொரு அட்டை, எட்டாம் எண். வெள்ளை அங்கி போட்ட ஒரு பெண் சிங்கத்தின் வாயில் கை வைத்திருப்பாள். “பார்த்ததும் என்ன தோணுது?” என்பார் அக்கா. பல் டாக்டருக்குப் படிக்கும் பெண், “வாயைத் திறந்து பார்க்கிறாங்க” என்றாள். மூன்று வயதுப் பையனின் அம்மா, “சோறு ஊட்டுறாங்க, அது துப்புது” என்றார். ஸ்கூல் டீச்சர், “வாயை மூடுன்னு சொல்றாங்க” என்றார். மூன்று பேருக்கும் ஒரே பதில்: “கரெக்ட். அதான் உங்க பவர்.” இந்தக் கட்டுக்கு விளக்கம் எழுதிய ஆர்தர் எட்வர்ட் வெயிட், அவள் வாயை மூடுகிறாள் என்றே திட்டமாக எழுதிவிட்டுப் போனார். அவர் கட்சியில் சேர்ந்தவர் டீச்சர் ஒருவர்தான்.

மரணம் என்ற அட்டை வரும்போதுதான் அக்காவின் பழைய உத்தியோகம் வெளியே வரும். வெள்ளைக் குதிரையில் கவசம் போட்ட எலும்புக்கூடு. கீழே ஒரு ராஜா விழுந்து கிடக்கிறார். வந்தவருக்கு வேர்த்துவிடும். அக்கா குரலைத் தாழ்த்தி, “இது முடிவில்லைங்க. ஒரு டிரான்ஸிஷன். உங்களுக்கு இன்னும் நல்ல வாய்ப்பு காத்திருக்கு” என்பார். இதே வாக்கியத்தை இதே குரலில் இவரிடமே கேட்டுவிட்டு, அட்டைப்பெட்டியில் சாமானை அள்ளிக்கொண்டு கம்பெனியிலிருந்து வெளியேறியவர்கள் ஊரில் பலர்.

கேலி இருக்கட்டும், ஒரு விஷயத்தில் அக்காவை விட்டுக்கொடுக்க முடியாது. ‘வாள் எட்டு’ என்றொரு அட்டை. கண்ணையும் உடம்பையும் கட்டிய ஒரு பெண், சுற்றிலும் எட்டு வாள். மாமியார் சங்கதி பேச வந்த ஒரு மருமகள் அதை எடுத்துவிட்டு, “நான்தான்” என்று மூக்கை உறிஞ்சினாள். அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: “கால் கட்டியிருக்கா?” அந்தப் பெண் அட்டையை வெகுநேரம் பார்த்தாள். கட்டியிருக்கவில்லை. அடுத்த வாரமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். இதையே அட்டை இல்லாமல் கேட்டிருந்தால் “உங்களுக்கென்னக்கா தெரியும்” என்று எழுந்து போயிருப்பாள்.

அந்தக் கேள்விக்கு வழி பண்ணிக்கொடுத்தவர் பமேலா கோல்மன் ஸ்மித். அதற்கு முன்னால் வந்த கட்டுகள் பெரும்பாலானவற்றில் வாள், நாணயம் போன்ற சில்லறை அட்டைகளில் கதை கிடையாது. எட்டு வாள் என்றால் வெறுமனே எட்டு வாள். 1909இல் லண்டனில் 78 அட்டைக்கும் படம் போட்டு, அவற்றுக்குள் ஆட்களை நடமாடவிட்டவர் இவர். பெரிய வேலை, சொற்பக் காசு என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். கட்டுக்குப் பெயர் வைத்தபோது பதிப்பாளர் ரைடருக்கும் விளக்கம் எழுதிய வெயிட்டுக்கும் இடம் இருந்தது, வரைந்தவருக்கு இல்லை. பெண்ணின் உள்சக்தி பற்றி மணிக்கணக்கில் பேசும் அக்கா இதை ஒருநாளும் சொன்னதில்லை. புத்தகம் படிக்காததில் இப்படியும் ஒரு நஷ்டம்.

வீட்டுக்குள் அக்காவுக்கு ஒரே எதிர்க்கட்சி, அவருடைய மாமனார். ரயில்வேயில் ரிட்டயரானவர், ரம்மிப் பிரியர். கட்டை ஒருமுறை விசிறிப் பார்த்துவிட்டு, “இதுலயும் நாலு ஜாதி, ராஜா, ராணி எல்லாம் இருக்கேம்மா. சீட்டாட்டம்தானே?” என்றார். “இது எகிப்து ஞானம் மாமா” என்று அக்கா எழுந்து போய்விட்டார். சரித்திரம் மாமனார் பக்கம். 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் இதை வைத்து ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். எகிப்துக் கதையை 1781இல் கிளப்பிவிட்டவர் கூர் த ஜெபெலின் என்ற பிரெஞ்சுக்காரர். எகிப்தின் சித்திர எழுத்தை வாசிக்க அப்போது உலகத்தில் யாருக்கும் தெரியாதாகையால் மறுத்துப் பேச ஆளில்லை.

அசோசியேஷன் செக்ரட்டரியும் ஒருநாள் மாட்டினார். மெயின்டனன்ஸ் பாக்கி கேட்க வந்தவரை உட்காரவைத்து ஒரு அட்டை எடுக்கச் சொன்னார் அக்கா. வந்தது கோபுரம்: உச்சியில் மின்னல் வெட்டி, தீப்பிடித்து, இரண்டு பேர் தலைகீழாக விழுகிறார்கள். “உங்க வாழ்க்கையில எது இடிஞ்சு விழணும்னு தோணுது?” என்று அக்கா உருக்கமாகக் கேட்டார். செக்ரட்டரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “இடிதாங்கி இல்ல மேடம்” என்றார். அடுத்த பொதுக்குழுவில் மொட்டை மாடிக்கு இடிதாங்கி போடத் தீர்மானம் நிறைவேறியது. பாக்கி அப்படியேதான் இருக்கிறது.

உள்ளுணர்வில் அக்காவை ஓரம்கட்டியவர், அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மா. மேசையைத் துடைக்க வந்தவர் ஒரு அட்டையைக் கையில் எடுத்தார். அது ‘நாணயம் ஆறு’. பணக்காரன் ஒருவன் ஒரு கையில் தராசைப் பிடித்துக்கொண்டு, மண்டியிட்ட இருவரில் ஒருவனுக்கு மறு கையால் காசு போடுகிறான். அக்கா வழக்கம்போல ஆரம்பித்தார்: “பார்த்ததும் என்ன தோணுது?”

“என்னா தோணும்? முட்டி தேயத் தேய உக்காந்திருக்குதுங்க, இவன் தராசு வச்சு அளந்து அளந்து போடுறான் கஞ்சப்பய.” அட்டையை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, துணியை உதறிக்கொண்டே சேர்த்துக்கொண்டார்: “நானும் ரெண்டு வருசமா கேட்டுட்டுக் கெடக்கேன், ஐந்நூறு ஏத்திக் குடுங்கன்னு.”

“அது உள்ளே இருக்கிற அபண்டன்ஸைக் காட்டுதும்மா...”

“உள்ள இருக்கிறது உள்ளயே இருக்கட்டும்மா. இது கையில வேணும்.”

ஒன்றாம் தேதி ஐந்நூறு ஏறியது. அக்காவின் கட்டில் இப்போது 77 அட்டைகள்தான்.