கொலைகாரன் ஆரெண்டு முதலே தெரியும்

அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்பிள் நாவலொன்றில் முதன்முதலாகத் தோன்றியது 1930இல். அமைதியான சிற்றூர், போதகரின் படிப்பறையில் பிணம், துப்புத் துலக்க வம்பளக்கும் ஒரு முதியவள். உலகம் வியந்தது. யாழ்ப்பாணத்து நல்லூரில் அந்த நாவலைக் கொடுத்துக் கருத்துக் கேட்டால் வியப்பை எதிர்பார்க்கக் கூடாது.

இளைப்பாறிய வாத்தியார், கொலையை விட்டுவிட்டு மொழிபெயர்ப்பின் ஒற்றுப்பிழைகளைப் பிடிப்பார். வள்ளலாரின் அருட்பாவையே மறுத்து எழுதிய ஆறுமுக நாவலர் 1822இல் பிறந்த ஊரல்லவா? இங்கே “நல்லாயிருக்கு” என்பது விமர்சனமே அல்ல.

கடைசிப் பக்கத்தை முதலில் வாசித்தவர், “ஆரெண்டு எனக்கு முதலே தெரியும்” என்பார். அயல்வீட்டு அக்காவுக்கு மார்பிளின் திறமையில் நம்பிக்கையில்லை: “அந்த மனுசி ஒருக்காலும் வேலிப் பொட்டுக்குள்ளாலை பார்க்கேல்லை. பிறகென்ன துப்பறியிறது?” கனடாவிலிருந்து வந்தவருக்குக் கதையின் காலம்தான் குறை. கந்தசாமி கோயில் திருவிழா 25 நாள். அதற்குள் கொலையை வைத்திருந்தால் குடும்பத்தோடு வந்து பார்த்திருக்கலாமாம். மிக நீண்ட கருத்தைச் சொன்னவர் முடிவில், “நான் இன்னும் வாசிக்கேல்லை” என்றும் சேர்த்துக்கொள்வார்.

நல்லூரைக் களமாக வைத்து இப்படியொரு நாவல் எழுத நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிணம் குளிருமுன் கொலைகாரனின் சாதகம், சீதனம், லண்டன் மாமனின் சம்பளம் எல்லாம் ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிடும். இரண்டாம் அத்தியாயத்துக்குச் சரக்கிராது. இந்த ஊரில் துலங்காத மர்மம் ஒன்றே ஒன்று: இரவல் வாங்கிய புத்தகம் இப்போது யார் வீட்டில்?